சனிக்கிழமைக் கணக்கு: சிறு கட்டட நிறுவனங்களும் தகவல் தொழில்நுட்பமும்



இந்த உரைக்கான அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், ட்ரோன் படமெல்லாம் காட்டுவீர்களா என்று கேட்டார். காட்டப் போவதில்லை. ட்ரோன் அளவை, முப்பரிமாண மாதிரி, செயற்கை நுண்ணறிவு எல்லாம் மெட்ரோ ரயில் பாதை போடுகிறவர்களுக்கும் முப்பது மாடி எழுப்புகிறவர்களுக்கும் உண்மையாகவே பயன்படுகின்றன. பிரிட்டன் அரசு 2016 முதல் தன் பணத்தில் நடக்கும் கட்டுமானப் பணிகளுக்கு முப்பரிமாணத் தகவல் மாதிரியைக் கட்டாயமாக்கியது. அந்த அளவு வேலைக்கு அது பொருந்தும். நான் பேச வந்திருப்பது, திருச்சி வயலூர் ரோட்டுப் பக்கம் ஒரே நேரத்தில் மூன்று வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பற்றி. மதுரையிலும் கோவையிலும் நெல்லையிலும் அவர் இருக்கிறார்.

2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய அரசின் வரையறைப்படி, ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய் வரை இருந்தால் அது குறுநிறுவனம். 100 கோடி வரை சிறுநிறுவனம். முதலீட்டுக்குத் தனி வரம்பு உண்டு. நான் சொல்லும் நிறுவனம் அந்தக் ‘குறு’ என்ற கோட்டுக்குக் கீழேயே பிறந்து அங்கேயே ஓய்வு பெற்றுவிடும். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் சிமென்ட் கம்பெனி காலண்டர். டிப்ளமா முடித்த ஒரு சைட் இன்ஜினியர், பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்குள். கொத்து வேலைக்கு இரண்டு மேஸ்திரி, சென்ட்ரிங்குக்கு ஒருவர், கம்பிக்கு ஒருவர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன். இவர்கள் யாரும் சம்பளப் பட்டியலில் கிடையாது. கணக்கு வழக்கை மனைவி பார்த்துக்கொள்கிறார். வாசலில் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’ என்று பலகை தொங்குகிறது.

இவரைப் பற்றி ஒரு முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. கட்டுமானத் துறை கணினியை ஏற்காத துறை என்பதுதான் அது. மெக்கின்ஸி நிறுவனம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, இருபது ஆண்டுகளில் உலகக் கட்டுமானத் துறையின் உழைப்புத்திறன் ஆண்டுக்குச் சராசரியாக 1 விழுக்காடுதான் உயர்ந்தது என்றது. ஒட்டுமொத்த உலகப் பொருளாதாரத்தில் அது 2.8 விழுக்காடு. துறைகளைக் கணினிமயமான வரிசையில் நிறுத்தினால் கட்டுமானம் கிட்டத்தட்டக் கடைசியில் வருகிறது. இந்த எண்களைக் கருத்தரங்குகளில் திரையில் போட்டுவிட்டு, “பாருங்கள், இவர்கள் மாற மறுக்கிறார்கள்” என்று முடிப்பது வழக்கம். மென்பொருள் விற்பவர்களுக்கு வசதியான முடிவு.

ஆனால் இதே மனிதர் எதையெல்லாம் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டார் என்று பாருங்கள். டிரேசிங் ஷீட்டும் மைப்பேனாவும் போய் ஆட்டோகேட் வந்தபோது யாரும் கருத்தரங்கு நடத்தி இவரை மன்றாடவில்லை. அளவெடுக்க லேசர் மீட்டர் வந்தது. சைட்டில் ரசமட்டம் பார்க்கத் தண்ணீர் டியூபும் இருக்கிறது, லேசரும் இருக்கிறது. 2016இல் தொடங்கிய யூபிஐ, ஜல்லி லாரி டிரைவர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. வாட்ஸப்பைச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழு. அதில் வீட்டுக்காரர், அவருடைய மனைவி, துபாயில் இருக்கும் தம்பி, இன்ஜினியர், மேஸ்திரி எல்லாரும் உண்டு. காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம். பீகாரிலிருந்து வந்த டைல்ஸ்காரருக்கு இந்தியில் ஒரு குரல் செய்தி. உலகத்தில் எந்தப் பெரிய நிறுவனமும் இதைவிட வேகமாகத் தகவல் தொடர்பை மாற்றிக்கொண்டிருக்காது.

அவர் வாங்கிவிட்டு மூலையில் போட்டவை வேறு வகை. கட்டுமான மேலாண்மைக்கென்று விற்கப்படும் பேக்கேஜுகள், ஆண்டுச் சந்தா கட்டும் செயலிகள், வருகைப்பதிவு மென்பொருள்கள். முதல் மாதம் ஆர்வமாக நடக்கும். இரண்டாம் மாதம் பாதி சைட்டுக்கு மட்டும் நடக்கும். மூன்றாம் மாதம் சட்டைப் பையில் பழைய டைரி திரும்ப வந்துவிடும்.

ஏற்றுக்கொண்டவற்றையும் கைவிட்டவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விலையோ படிப்போ வயதோ இந்த வேறுபாட்டைச் சரியாக விளக்குவதில்லை. அறுபது வயது மேஸ்திரி யூபிஐயில் பணம் வாங்குகிறார். இருபத்துநான்கு வயது இன்ஜினியர் பேக்கேஜைத் திறக்க மறுக்கிறார். எனக்குத் தெரிந்தவரை இதை விளக்கும் கேள்வி ஒன்றுதான்: பதிகிறவருக்கு அந்தப் பதிவால் என்ன கிடைக்கிறது? வாட்ஸப்பில் படம் போடும் இன்ஜினியருக்கு, முதலாளி நேரில் வந்து நிற்காமல் இருக்கும் நிம்மதி கிடைக்கிறது. யூபிஐயில் கியூஆர் அட்டையை நீட்டும் லாரி டிரைவருக்குப் பணம் அந்த நொடியே கிடைக்கிறது. பேக்கேஜில் இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து அன்று வந்த சரக்கு, ஆள், வேலை எல்லாவற்றையும் தட்டுகிற இன்ஜினியருக்கு என்ன கிடைக்கிறது? மறுநாள் காலை, “நேத்து ஏன் ரெண்டு மூட்டை கூடுதலா போயிருக்கு?” என்ற கேள்வி கிடைக்கிறது. இந்த லாபத்துக்காக யார் தட்டுவார்?

இன்னொன்றும் உண்டு. இந்த மென்பொருள்கள் பெரிய நிறுவனத்தின் அலுவலகத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை. சைட்டிலிருந்து ஒருவர் சரக்கு கேட்க வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும், மூன்றாமவர் கொள்முதல் ஆணை போட வேண்டும், சரக்கு இறங்கியதும் நான்காமவர் ரசீது பதிய வேண்டும். நம் ஆளிடம் இந்த நால்வரும் ஒரே ஆள். அவர் ஒரு திரையில் தன்னிடமே சிமென்ட் கேட்டு, அடுத்த திரையில் தனக்கே அனுமதி கொடுத்து, மூன்றாவது திரையில் தன் பெயரில் ஆணை பிறப்பித்து, கடைசியில் தான் வாங்கியதாகத் தனக்கே ஒப்புகை தருகிறார். நிஜத்தில் அந்த வேலை, கடைக்காரருக்குப் போன் போட்டு “அண்ணாச்சி, ஐம்பது மூட்டை அனுப்பிவிடுங்க” என்று சொல்வதோடு முடிந்துபோனது.

பொருளாதார வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் 1882இல் ஓடத் தொடங்கியது. ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறனில் மின்சாரத்தின் பலன் பெரிதாகத் தெரிந்தது 1920களில்தான். இடைப்பட்ட காலத்தில் பலர் செய்தது, நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை மாட்டியதுதான். கூரையில் ஓடிய நீண்ட இரும்புத் தண்டும் வார்ப்பட்டைகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனித்தனிச் சிறு மோட்டார் வைத்து, கட்டடத்தையும் வேலை ஓட்டத்தையும் திருத்திய பிறகே பலன் வந்தது. நாமும் டைரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு செயலியை மாட்டுகிறோம். சனிக்கிழமை அப்படியே இருக்கிறது.

சனிக்கிழமை என்று நான் சொல்வது சம்பள நாளை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு நுட்பமான விஷயம் என்று தெரியாது. கொத்தனாருக்கு ஒரு கூலி, நிமிந்தாளுக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு ஒரு கூலி. இதில் அரை நாள் உண்டு. ரூஃப் காங்கிரீட் போட்ட அன்று இரவு எட்டு மணி வரை நின்றதற்கு ‘ஒண்ணரை’ உண்டு. பேட்டா உண்டு. மேஸ்திரி மகள் காதணி விழாவுக்கு வாங்கிய முன்பணத்தில் இந்த வாரம் எவ்வளவு பிடிப்பது என்ற பேச்சுவார்த்தை உண்டு. சதுர அடிக் கணக்கில் லேபர் பேசியிருந்தால், இதுவரை நடந்த வேலைக்கு எவ்வளவு ஆயிற்று, கொடுத்தது எவ்வளவு என்ற இழுபறி உண்டு. பலகைக் கட்டில் உட்கார்ந்து, பீடிப் புகைக்கு நடுவே, ஒரு மணி நேரத்தில் இவ்வளவும் தீர்ந்துவிடும்.

இந்தக் கணக்கில் மேஸ்திரியின் வருமானம் ஒளிந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பார். மேஸ்திரி ஆளுக்குக் கொடுப்பது கொஞ்சம் குறைவாக இருக்கும். அந்த இடைவெளிதான் ஆட்களைத் திரட்டி, போன் போட்டு எழுப்பி, வராதவனுக்கு மாற்று ஆள் பிடித்து, சண்டையைத் தீர்த்து வைப்பதற்கான கூலி. அதை யாரும் மேஸ்திரிக்குத் தனியாகக் கொடுப்பதில்லை. இந்த நிலையில், ஒவ்வொரு ஆளின் முகத்தையும் காலையில் படம் பிடித்து, கூலியை அவரவர் கணக்குக்கே நேராக அனுப்பும் ஒரு செயலியை மேஸ்திரி கையில் கொடுத்து, “இதைத் தினமும் நீங்கதான் செய்யணும்” என்கிறோம். அவர் மறுத்துப் பேசமாட்டார். “சரிண்ணே” என்பார். மறுநாள் “சார்ஜ் இல்லண்ணே.” அதற்கடுத்த நாள் “நெட்டு எடுக்கலண்ணே.” இதைப் படிக்காதவரின் பயம் என்று எழுதுகிற ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர் அந்தச் செயலியை மிகச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நாடு தழுவிய ஒரு சோதனை நடந்திருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் செயலி வழி வருகைப்பதிவு 2021இல் வந்தது. 2023 ஜனவரி முதல் எல்லாப் பணியிடங்களுக்கும் கட்டாயமானது. நாளுக்கு இரண்டு முறை படம். சில ஆண்டுகளில், வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே மறுபடி படம் பிடித்து ஏற்றியவையும் கண்டுபிடிக்கப்பட்டதாக மத்திய அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுத வேண்டி வந்தது. அரசின் கையில் இருந்த அதிகாரம் மூன்று வீடு கட்டுகிறவரிடம் இல்லை. மேஸ்திரி கோபித்துக்கொண்டு அடுத்த சைட்டுக்குப் போனால், இவருடைய சுவர் அப்படியே நிற்கும்.

அதே வருகைப்பதிவு வேறு விதமாக நடந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒருவர் செயலியையெல்லாம் விட்டுவிட்டு எக்செல் தாளில் ஒரே ஒரு பக்கம் போட்டார். மேஸ்திரி வாங்கிய முன்பணம், பிடித்தது, பாக்கி; அந்த வாரம் ஆள் எத்தனை; மொத்தம் எவ்வளவு. சனிக்கிழமை மதியமே அதைப் படமாக்கி மேஸ்திரி வாட்ஸப்புக்கு அனுப்பிவிடுவார். ஆட்களுக்கு மேஸ்திரி என்ன கொடுக்கிறார் என்பதை அவர் தொடவில்லை. முன்பணப் பாக்கியில் வரும் தகராறு ஒழிந்தது. சில வாரங்களில் மேஸ்திரியே வெள்ளிக்கிழமை ராத்திரி ஆள் கணக்கைக் குரல் செய்தியில் அனுப்பத் தொடங்கினார். அனுப்பாவிட்டால் மதியம் அந்தத் தாள் வராது. தாள் வராவிட்டால் அவர்தான் தன் ஆட்களுக்கு முன்னால் வாய்க்கணக்குச் சொல்லித் திணற வேண்டும்.

ஆட்களுக்கும் இந்தப் பதிவில் ஒரு பங்கு இருக்கிறது, யாரும் அதை அவர்களிடம் சொல்வதில்லை. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், முந்தைய 12 மாதங்களில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் நலப் பயன்களுக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்று வைத்தது. அந்த நலநிதிக்காகத்தான் கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தீர்வை வசூலாகிறது. தொண்ணூறு நாள் வேலை செய்ததற்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையனிடம் என்ன சான்று இருக்கும்? வருகைப்பதிவின் ஒரு நகல் அவன் போனில் இருந்தால் அதுவே சான்றுக்குத் தொடக்கம். இந்த ஒரு பயனைக் காட்டி வருகைச் செயலியை விற்ற ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. எல்லாரும் முதலாளியிடம் “ஆள் ஏமாத்தறதைத் தடுக்கலாம் சார்” என்றுதான் விற்கிறார்கள்.

அடுத்தது கம்பி. கணினி ஒரு சிறு நிறுவனத்துக்கு நேரடியாகக் காசு தருகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். கம்பியை எடையில் வாங்குகிறோம், நீளத்தில் பயன்படுத்துகிறோம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 12 மீட்டர் முழுக்கம்பி 4.74 கிலோ. ஒரு டன் வாங்கினால் 211 கம்பி வர வேண்டும். ஆனால் இந்தியத் தர நிர்ணயம் 1786, 10 மில்லிமீட்டர் வரையுள்ள கம்பியின் எடையில் 7 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்க இடம் கொடுக்கிறது. 10க்கு மேல் 16 வரை 5 விழுக்காடு. அதற்கு மேல் 3 விழுக்காடு. அப்படியென்றால் அதே ஒரு டன்னில் 197 கம்பியும் வரலாம், 226 கம்பியும் வரலாம். இரண்டுமே சட்டப்படி சரி.

கனமான கம்பி வந்தால் காசு போகிறது. மெலிந்த கம்பி வந்தால் எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் கூரைக்குள் போகும் இரும்பு வரைபடத்தில் கணக்கிட்டதைவிடக் குறைகிறது. லோடு இறங்கும்போது எடைச் சீட்டை வாங்கிக் கம்பியில் குத்திவைக்கிறோமே தவிர, எண்ணிக்கையோடு வகுத்துப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? ஒரு எக்செல் தாளில் மூன்று கட்டம் போதும்: விட்டம், எண்ணிக்கை, எடை. நான்காவது கட்டம் இந்தக் கம்பி எத்தனை விழுக்காடு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். இதற்கு ஆண்டுச் சந்தா வேண்டாம்.

கம்பியை வெட்டும் கணக்கு அதைவிடப் பெரியது. பீமுக்கு 4.3 மீட்டர் வேண்டும் என்றால் 12 மீட்டரில் இரண்டு துண்டு வெட்டி, 3.4 மீட்டர் மிச்சமாகிறது. அந்த மிச்சம் எந்த லின்டலுக்கு, எந்தச் சன்ஷேடுக்குப் போகும் என்று முன்கூட்டியே திட்டமிட்டால் அது கம்பி. திட்டமிடாவிட்டால் பழைய இரும்புக்கடைக்குப் போகும் துண்டு. நல்ல பார்பெண்டர் இதை மனக்கணக்கில் போடுவார். ஆனால் அவருக்கு முழு வீட்டின் கம்பிப் பட்டியலை நாம் முன்னதாகத் தருவதில்லை. அன்றைக்குக் கட்ட வேண்டிய பீமை மட்டும் தருகிறோம். வரைபடம் போட்ட கணினியிலேயே முழுப் பட்டியலும் எடுக்கலாம். எடுத்து, ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து, பார்பெண்டர் கையில் கொடுத்தால் அவர் விட மாட்டார். வேலை சுலபமாகிறது, வெட்டு குறைகிறது, தவறாக வெட்டியதற்குத் திட்டு விழுவதில்லை. இங்கேயும் அதே கேள்விதான் வேலை செய்கிறது.

இனி, சிறு நிறுவனங்கள் அதிகமாகப் பணத்தை இழக்கும் இடத்துக்கு வருகிறேன். சிமென்ட் திருட்டு என்று நினைப்பீர்கள். இல்லை, ‘எக்ஸ்ட்ரா’ வேலை.

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வீடு தொடங்குகிறது. லின்டல் மட்டத்தில் நிற்கும்போது வீட்டம்மா வந்து பார்த்து, “இந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா சார்?” என்கிறார். தள்ளிப் போடுகிறோம். பூஜை அறைக்கு ஒரு வளைவு. மாடிப்படிக்குக் கீழே ஒரு லாஃப்ட். பாத்ரூமில் இன்னொரு பாயின்ட். ஒவ்வொன்றுக்கும் பதில், “பண்ணிடலாம்மா, அப்புறம் பேசிக்கலாம்.” கிரகப்பிரவேசத்துக்கு முந்தின வாரம் ‘அப்புறம்’ வந்துவிடும். ஒப்பந்தக்காரர் டைரியைப் பார்த்து ஒரு தொகை சொல்வார். வீட்டுக்காரருக்கு அதில் பாதி நினைவிருக்காது, மீதிப் பாதி ‘ரேட்டுக்குள்ளேயே அடங்கும்’ என்று தோன்றும். கசப்போடு ஒரு தொகையில் முடியும். கடைசித் தவணை வராமலே போவதும் உண்டு. முழு வீட்டின் லாபமும் இந்த ஒரு வாரத்தில் கரைந்துபோனவர்களை நான் அறிவேன்.

இத்தனைக்கும் ஆதாரம் எல்லாம் போனிலேயே கிடக்கிறது. வீட்டம்மா சொன்னது குரல் செய்தியாக இருக்கிறது, ஜன்னல் தள்ளிய படம் இருக்கிறது. ஆனால் ஐந்நூறு ‘காலை வணக்கம்’ படங்களுக்கு நடுவே அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. போன் தொலைந்தால் அதுவும் இல்லை. வழக்கு வரைக்கும் போனால், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. பழைய சட்டத்தின் 65பி பிரிவு கேட்டதும் அதையே. ஆனால் இந்த அளவு வேலையில் யாரும் நீதிமன்றத்துக்குப் போகப்போவதில்லை. வேண்டியது, தகராறு வருவதற்கு முன்பே முடித்துவைக்கும் ஒரு பழக்கம். மாற்றம் சொன்ன அன்றே ஒரு செய்தி: என்ன வேலை, எவ்வளவு தொகை, எத்தனை நாள் கூடும். வீட்டுக்காரரிடமிருந்து ‘சரி’ என்று ஒரு பதில். அதைத் தேதியோடு ஒரு தாளில் வரிசையாக ஏற்றி, மாதம் ஒருமுறை அந்தத் தாளை அதே குழுவில் போட வேண்டும். சொன்னால் ஒரு வரி. ஆனால் தொகையை அன்றே சொல்ல நம்மவர்களுக்குக் கூச்சம். “கேட்ட உடனே காசு சொன்னா தப்பா நினைப்பாங்க” என்கிறார்கள். இந்தக் கூச்சத்தைப் போக்கும் மென்பொருளை யாரும் இன்னும் எழுதவில்லை. அதே சமயம், மாதத் தாள் என்ற வழக்கம் வந்துவிட்டால் காசைக் கேட்பது தாள்தான், நாம் இல்லை என்றாகிவிடுகிறது. கூச்சமுள்ளவர்களுக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது.

மேஸ்திரியோடு வரும் அளவுத் தகராறும் இந்த வகைதான். பூச்சு வேலையில் கதவு, ஜன்னல் இடத்தைக் கழிப்பதா கூடாதா? கணினி வரைபடத்திலிருந்து எடுத்த பரப்பு எல்லாத் திறப்பையும் கழித்துவிடும். மேஸ்திரி, “ஓட்டையைக் கழிக்கிற வழக்கமே இல்லண்ணே, விளிம்பு பூசறது யாரு?” என்பார். நியாயம் அவர் பக்கமும் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் 1200, அரை சதுர மீட்டர் வரை உள்ள திறப்பைக் கழிக்கக் கூடாது என்கிறது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும்; விளிம்புக்குத் தனியாக அளவு இல்லை. நாலடிக்கு நாலடி ஜன்னலும் மூன்றரைக்கு ஏழு கதவும் இந்த நடு வகையில்தான் விழுகின்றன. விதியைத் தெரியாமல் கணினி எண்ணை மட்டும் காட்டினால், மேஸ்திரி கணினியையே ஏமாற்றுக் கருவி என்று முடிவு கட்டுவார். அதைத் தவறு என்று சொல்லவும் முடியாது.

அரசு கொண்டுவந்த கணினிமயம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது, சிறு ஒப்பந்தக்காரர்கள் எல்லாரும் இனிக் கணினிக்கு வந்தே தீர வேண்டும் என்றார்கள். வந்தார்கள், ஆனால் கணினி இருப்பது ஆடிட்டர் ஆபீசில். மாதக் கடைசியில் பில்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள். சிமென்டுக்கு 28 விழுக்காடு கட்டிய காலத்திலும், 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆன பிறகும், கட்டிய வரியில் எவ்வளவு வரவு கிடைத்தது, எந்தக் கடைக்காரர் தன் பில்லை ஏற்றாததால் எவ்வளவு போயிற்று என்று கேட்டால், “ஆடிட்டர்தான் சொல்லணும்” என்பதுதான் பதில். கட்டட அனுமதியிலும் இப்படியே. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்றில் இணையவழி அனுமதி என்று தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது நல்ல திட்டம். நம்மவர்கள் பலருக்கு அதுவும் யாரோ ஒருவர் ‘ஆன்லைன்ல போட்டுத் தருகிற’ வேலை.

ரொக்கத்தைப் பற்றிப் பேசாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. இந்தத் தொழிலில் ஒரு பகுதி பணம் எழுத்தில் வராமலே நடக்கிறது. வருமான வரிச் சட்டம் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவைப் பொதுவாக ஏற்பதில்லை. சனிக்கிழமை மேஸ்திரி கையில் போகும் தொகை எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாவற்றையும் பதியும் மென்பொருளைக் கண்டு ஒருவர் தயங்கினால், அவர் தொழில்நுட்பத்துக்குப் பயப்படுகிறார் என்று மட்டும் எழுதிவிட முடியாது. இதைச் சொல்லாத எந்த ஆய்வையும் நான் நம்புவதில்லை. அதனால்தான் எக்ஸ்ட்ரா பட்டியல், கம்பிக் கணக்கு, முன்பணத் தாள் என்று தொடங்கச் சொல்கிறேன். இவை மூன்றும் யாருடைய ரகசியத்தையும் தொடாமலேயே காசைக் காப்பாற்றும்.

யார் செய்வது என்ற கேள்வி மீதமிருக்கிறது. அந்த இருபத்துநான்கு வயது இன்ஜினியர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பல சின்ன நிறுவனங்களில் இந்த வேலையை உண்மையில் செய்பவர் வீட்டுப் பெண். அவருக்குச் சம்பளமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. மென்பொருள் பயிற்சிக் கூட்டங்களுக்கு அழைப்பும் அவருக்கு வருவதில்லை. அழைப்பு வருவது கணவருக்கு, அவர் அங்கே போய்ப் போன் பேசிக்கொண்டிருப்பார். ஊர்தோறும் கட்டடப் பொறியாளர் சங்கங்கள் இருக்கின்றன. ஆடிட்டர் ஒருவரே பலருக்குக் கணக்குப் பார்ப்பதுபோல, எட்டுப் பத்து நிறுவனங்கள் சேர்ந்து அளவும் கம்பியும் எக்ஸ்ட்ராவும் பார்க்கத் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடியும். பாலிடெக்னிக்கில் எஸ்டிமேட்டும் ஆட்டோகேடும் சொல்லித்தருகிறோம். சனிக்கிழமைக் கணக்கை, மாற்றப் பட்டியலை, எடைச் சீட்டைச் சரிபார்ப்பதைச் சொல்லித்தருவதில்லை. இங்கே அமர்ந்திருக்கும் துறைத்தலைவர்கள் ஒரு பருவத்தில் சில வாரங்களை இதற்கு ஒதுக்கலாம். ஆய்வகம் வேண்டாம், பக்கத்துச் சைட் போதும்.

கடைசியாக ஒரு யோசனை. இதைச் சொன்னபோது ஒப்பந்தக்கார நண்பர்கள் என்மேல் கோபப்பட்டார்கள், இன்றும் படலாம். அளவுத் தாள், கம்பிப் பட்டியல், செய்த வேலையின் கணக்கு இவை அனைத்தின் நகலும் மேஸ்திரியின் போனுக்கும் போக வேண்டும் என்கிறேன். அவர் ஒத்துழைக்காமல் எந்தப் பதிவும் உண்மையாக இருக்காது. ஒத்துழைக்க வேண்டுமென்றால் அது அவருடைய பதிவாகவும் இருக்க வேண்டும். “அவன் கையில கணக்கைக் கொடுத்தா, நாளைக்கே தனியா வேலை எடுத்துடுவான் சார்” என்றார் ஒருவர். எடுப்பார்தான். அப்படிச் சொன்னவரும் இருபது ஆண்டுகளுக்கு முன்பு இன்னொருவரிடம் மேஸ்திரியாக இருந்தவர்; அவருக்குக் கணக்கு கற்றுக்கொடுத்த பழைய முதலாளியோடு இன்றைக்கும் சரக்கு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. அவரிடமே இதைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கம்பிப் பட்டியலை மட்டும் முதலில் அனுப்பிப் பார்க்கிறேன் என்றார்.

 முன்வரிசை காலியாக இருந்தும் பின்வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரிமார்கள் கேள்வி கேட்கலாம். மைக் அங்கே வரும்.